விடுப்புக் கேட்கத் தெரியாதவர் சுழியோட வேண்டாம்

குண்டசாலை நீச்சல் தடாகத்துக் கரையில் மூழ்கிப் பழகிச் சுழியோட்டச் சான்றிதழ் வாங்கிய கையோடு உங்களில் ஒருவர் ஓடிவந்து, "சேர், நீங்க போன ஆகக்கூடிய ஆழம் எவ்வளவு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல், "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. மனுசனுக்கு வயது போய்விட்டது, காதுக்குள் இறங்கிய தண்ணீர் மூளை வரைக்கும் போயிருக்கும் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆழத்தைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை. அதையெல்லாம் உங்கள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கருவியே சொல்லும். வாயு எவ்வளவு மிச்சம், எந்த மட்டத்தில் நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எல்லாம் சொல்லும். பக்கத்தில் மிதக்கும் மனிதன் எப்படி இருக்கிறான் என்பதை மட்டும் சொல்லாது. அதை நீங்கள்தான் கேட்டு அறிய வேண்டும். இத்தனை வருட வேலையில் நான் உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான் என்றால் என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். "வாயக் கிண்டிக் கதை கேக்கிறதுக்கு அணைக்கட்டுக்குள்ள இறங்கணுமா? எங்கட தெருமுனைக் கடையில நிண்டா போதுமே" என்பாள்.

எனக்கு வேலை பழக்கியவர் யாழ்ப்பாணத்துக்காரர். பொறியியலாளர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மகாவலி அணைகளில் தண்ணீர் உள்ளே போகும் வாய்களில் இரும்புக் கம்பி வலை போட்டிருப்பார்கள். அதில் மரக்கட்டையும் குப்பையும் சிக்கிக்கொள்ளும். மதகை மூடிவிட்டு, இறங்கி அதைத் தடவிப் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. தடவி என்று எழுதியது வேண்டுமென்றேதான். அந்தத் தண்ணீருக்குள் கண் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தலையில் கவசம், அதற்குள் மேலேயிருந்து வரும் காற்று, கூடவே ஒரு பேச்சுக் கம்பி. அந்தக் கம்பியின் மறுமுனையில் இந்த மனிதர் உட்கார்ந்திருப்பார்.

அவருடைய தொல்லை தாங்க முடியாது. மற்றவர்கள் எல்லாம் "சரியா? சரியா?" என்று கேட்பார்கள். இவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. "தம்பி, உன்ர இடக்கை இப்ப எதில கிடக்கு?" என்பார். "கம்பி வழுக்குதோ, சொரசொரக்குதோ?" என்பார். ஒருநாள் நான் ஒரு மரக்குற்றியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்குகிறது. அந்த நேரம் பார்த்து, "உன்ர உம்மா இண்டைக்கு என்ன கறி காய்ச்சினவ?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல். "சரி, சரி" என்றேன். "என்ன கறி எண்டு கேட்டனான்." "சரி சேர், சரி." அவ்வளவுதான். வேலையை நிறுத்தச் சொல்லி என்னை மேலே எடுத்துவிட்டார்.

மேலே வந்து கவசத்தைக் கழற்றிய பிறகுதான் என் தலை எப்படி இடிக்கிறது என்று எனக்கே தெரிந்தது. வேலை மும்முரத்தில் மூச்சு கெட்டு, அறிவு மங்கத் தொடங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் பிடிக்கவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"கறியைக் கேட்டால் கறியைச் சொல்ல வேணும். சரி எண்டு பதில் வந்தால் ஆள் அங்க இல்லை எண்டு அர்த்தம்" என்றார். பிறகு சிரித்தார். "எங்கட ஊரில இதுக்கு விடுப்புக் கேக்கிறது எண்டு பேர். அடுத்த வீட்டுக் கதையைத் துருவித் துருவிக் கேக்கிறதுக்கு ஊரில ஏச்சு விழும். இஞ்ச அதுக்குச் சம்பளம் தாறாங்கள்."

கறி என்ன என்று அன்று மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பலாக்கொட்டை.

இனி அவருடைய விடுப்பு எனக்கு உதவிய நாளைச் சொல்கிறேன்.

சுழியோட்டம் படிப்பிக்கிறேன் என்றால், "கண்டியில கடல் எங்க சேர்?" என்று முச்சக்கரவண்டிக்காரர்கூடக் கேட்பார். உங்களிடமும் கேட்பார்கள். தடாகத்தில் பழகி, நீர்த்தேக்கத்தில் பயந்து, கடைசிப் பாடத்துக்குத் திருகோணமலைக்குப் போய்வரும் கூட்டம் நாம். அதனால் நமக்கென்றே வாய்த்த ஓர் ஆபத்து இருக்கிறது. கரையோரத்து ஆட்களுக்கு, கடலில் ஆழம் போய்வந்த உடனே விமானம் ஏறாதே என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஆழத்தில் உடம்புக்குள் கரைந்த வாயு வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் காற்று மெலிந்த உயரத்துக்குப் போனால், மூடி திறந்த சோடாப் போத்தல் மாதிரி உள்ளே குமிழி கட்டும். குமிழி மூட்டில் நின்றால் வலி, நரம்பில் நின்றால் கை கால் போகும். அவர்களுக்கு அந்த உயரம் விமானத்தில். நமக்கு வீட்டில். கடலிலிருந்து நாம் வீட்டுக்குப் போவதே ஏறிப்போவதுதான்.

அதற்காக என் வேனில் எப்போதும் ஒரு கருவி வைத்திருப்பேன். முறுக்குப் பக்கெட். கடற்கரைக் கடையில் தொளதொள என்றிருக்கும் காற்றடைத்த பொட்டலம் ஒன்றை வாங்கி முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டால், மலை ஏற ஏற அது ஊதிக்கொண்டு வரும். கண்டியில் கன்னம் உப்பும். புசல்லாவைக்குப் போனால் வெடிக்கிற மாதிரி நிற்கும். மாணவர்களுக்கு ஆயிரம் வார்த்தை சொல்வதைவிட அந்தப் பக்கெட்டைக் காட்டுவது எனக்கு லேசாக இருந்தது.

அந்தமுறை என்னோடு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி சாந்தினி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கண்டியில் பல் வைத்தியர். மற்றவன் யோகா. புசல்லாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அவனைப்போல் தண்ணீருக்குள் அமைதியாக இருக்கும் ஒருவனை நான் அதிகம் கண்டதில்லை. ஆழ்கடல் வேலைக்கான சான்றிதழ் கிடைத்தால் வெளிநாட்டில் ஒரு வேலை அவனுக்குக் காத்திருந்தது. அதோடு, நாங்கள் திரும்பிப் போகும் நாளுக்கு மறுநாள் காலை அவன் தங்கச்சி கவிதாவுக்குக் கல்யாணம். தகப்பன் இல்லை. மாப்பிள்ளையை மண்டப வாசலில் மாலை போட்டு அழைத்து வர வேண்டியவன் இவன்தான். வாரம் முழுக்க அதே பேச்சு.

திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. கடைசிச் சுழியோட்டத்தைப் புறப்படுவதற்கு முதல்நாள் காலையோடு முடித்துவிட்டோம். அன்று முழுக்கக் கடற்கரையில் கிடந்து, இரவும் அங்கேயே தூங்கி, மறுநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் புறப்பட்டோம். பொழுது படுமுன் யோகா வீட்டு வாசலில் இறங்கியிருக்க வேண்டும்.

ஹபரணை வரைக்கும் நான் தூங்கினேன். தம்புள்ளையில் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். யோகா கோப்பையை இடது கையால் எடுத்தான். அவன் இடக்கையன் இல்லை. அது என் கண்ணில் பட்டது. பட்டது, அவ்வளவுதான். மனிதன் ஒருநாளைக்கு இடது கையால் தேத்தண்ணி குடித்தால் குற்றமா?

நாவுல தாண்டி ஏற்றம் தொடங்கியது. முறுக்குப் பக்கெட் மெல்ல இறுகத் தொடங்கியிருந்தது. வழக்கமாக யோகா அதைப் பார்த்து ஏதாவது பகிடி விடுவான். அன்று ஜன்னல் பக்கம் சாய்ந்து பேசாமல் இருந்தான். சாந்தினி திரும்பிப் பார்த்து, "யோகா, ஓகேயோ?" என்று கேட்டாள்.

அவன் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வட்டம் போட்டுக் காட்டினான். தண்ணீருக்குள் நாம் காட்டும் அதே சைகை. பேச வாய் இருக்கும்போது எதற்குச் சைகை? அதுவும் இடது கையால்.

எனக்கு அந்த நிமிடம் அந்த யாழ்ப்பாணத்து மனிதரின் ஞாபகம் வந்தது. யோகாவிடம் "என்ன செய்யுது?" என்று கேட்டால் "ஒன்னுமில்ல" என்பான். "கை வலிக்கிறதா?" என்று கேட்டால் "சாமான் தூக்கினது" என்பான். சந்தேகத்தோடு கேட்டால் அவன் கதவை மூடிக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். ஆகவே விடுப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"மாப்பிள்ளை எந்த ஊரு மகன்?"

"தெல்தோட்டை சேர். பேக்கரி வச்சிருக்காரு."

"ஆள் எப்படி? உன்னைவிட உயரமா?"

அவன் முதல்முறையாகச் சிரித்தான். "கரண்ட் போஸ்ட் மாதிரி இருப்பாரு சேர். எங்க தங்கச்சி அவருகிட்ட பேசணும்னா அண்ணாந்துதான் பேசணும்."

"அப்ப நீ எப்படி மாலை போடப் போற? எட்டுமா?"

"அதெல்லாம் எட்டும் சேர்."

"எங்க, போட்டுக் காட்டு பார்ப்போம்." என் காலடியில் கிடந்த துவாயை எடுத்தேன். காலையில் குளித்துவிட்டுப் பிழியாமல் போட்டது. "இதுதான் மாலை. சுனிலை மாப்பிள்ளை என்று வை."

சுனில் எங்கள் சிங்களச் சாரதி. வேனை ஓரம் கட்டச் சொன்னேன். அவன் ஆறடிக்கு மேல். கலகலவென்று சிரித்துக்கொண்டு இறங்கி மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றான். சாந்தினியும் சிரித்தாள். யோகா சிரிக்கவில்லை. துவாயின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு கையை உயர்த்தினான். இடது கை போனது. வலது கை தோள் மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது. அவன் பல்லைக் கடித்தான். வலது கையிலிருந்த முனை நழுவி விழுந்தது. நழுவியது அவனுக்குத் தெரியவேயில்லை. வெறுங்கையை இன்னும் உயர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுனிலின் சிரிப்பு நின்றது.

நான் துவாயை எடுத்து அவன் வலது உள்ளங்கையில் வைத்தேன். "கண்ணை மூடு மகன். இது ஈரமா, காய்ஞ்சதா?"

அவன் நிறைய நேரம் யோசித்தான். பிறகு, "காய்ஞ்சிருச்சு சேர்" என்றான்.

துவாயிலிருந்து தண்ணீர் சொட்டி அவன் கால் சப்பாத்தில் விழுந்துகொண்டிருந்தது.

இதை மறைக்காமல் சொல்கிறேன். எத்தனையோ சடலங்களைத் தண்ணீரிலிருந்து எடுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் வராத பயம் அந்த ரோட்டோரத்தில், பட்டப்பகலில் வந்தது. ஆனால் சத்தம் போடவில்லை. ஏசினால் உண்மை வராது. எனக்கு உண்மை வேண்டும், அதுவும் உடனே வேண்டும்.

"இன்னைக்குக் காலையில கடல் எப்படி இருந்திச்சு?" என்றேன். கடலுக்குப் போனாயா என்று கேட்கவில்லை.

அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். பிறகு துவாயைப் பார்த்தான். "தெளிவா இருந்திச்சு சேர்" என்றான். அழுகை வந்துவிட்டது.

நடந்தது இதுதான். விடியக் காலையில் எங்கள் படகுக்காரர் வந்து அவனை எழுப்பியிருக்கிறார். நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டது. அது இல்லாவிட்டால் அவருக்குத் தொழில் இல்லை. வாரம் முழுக்க எங்களுக்கு மீன் பொரித்துத் தந்த மனிதர். யோகா மறுக்கவில்லை. சிலிண்டரை மாட்டிக்கொண்டு தனியே இறங்கினான். ஒரே தரத்தில் நங்கூரம் வரவில்லை. மேலே வந்து, கயிறு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கி, மறுபடி வந்து, மறுபடி இறங்கி. நல்ல ஆழம். இப்படி ஏறி இறங்குவதுதான் உடம்புக்கு ஆகவே கூடாதது. அது அவனுக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். படகுக்காரர் நன்றி சொல்லிக் கும்பிட்டபோது, சேருக்குச் சொல்லிவிடாதீர்கள் என்று இவன் கெஞ்சியிருக்கிறான். எனக்குத் தெரிந்தால் இன்னொரு நாள் கடற்கரையில் கிடத்திவிடுவேன், கல்யாணம் போய்விடும். அந்தப் பயம்.

இனி என்ன செய்வது? கண்டி முன்னால் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி, எங்களுக்குப் பழக்கமான ஆஸ்பத்திரி. சுனில் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "சேர், கண்டி கிட்ட தானே. நான் ஒரே மிதியில போறது" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேறு எந்த நோய் வருத்தமாக இருந்தாலும் நானும் அங்கேதான் போயிருப்பேன். ஆனால் இந்த வருத்தத்துக்கு மருந்து, காற்றை அழுத்தி ஏற்றிக் குமிழியைச் சுருக்கும் இரும்பு அறை. அது திருகோணமலையில் இருந்தது, நாங்கள் விட்டுவந்த இடத்தில். கண்டிக்குப் போக இன்னும் ஏற வேண்டும். ஏற ஏற அந்த முறுக்குப் பக்கெட்டுக்கு நடப்பது இவன் முதுகெலும்புக்குள் நடக்கும்.

"திருப்பு" என்றேன்.

சாந்தினி அதற்குள் ஒட்சிசன் சிலிண்டரை இழுத்து முகமூடியை மாட்டிவிட்டாள். பின் சீட்டைச் சரித்து அவனைப் படுக்க வைத்தோம். அவள் கேட்டாள், "சேர், நான் கால் விரலையும் பார்க்கட்டே?" "பார். ஆனால் தெரியுதா என்று கேட்காதே. எந்த விரல் என்று கேள்." "ஓம் சேர்." அவள் ஒவ்வொரு விரலாகத் தொட, அவன் முகமூடிக்குள்ளிருந்து பெயர் சொல்லிக்கொண்டு வந்தான். கால் தப்பியிருந்தது. நான் முன்சீட்டில் இருந்து அழுத்த அறை இருந்த இடத்துக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். நேரே வரச் சொன்னார்கள்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. தம்புள்ளை தாண்டி, நிலம் தாழ்ந்துகொண்டு போக, ஒட்சிசனும் வேலை செய்ய, யோகா எழுந்து உட்கார்ந்தான். முகமூடியைக் கழற்றினான். கையை உயர்த்திக் காட்டினான். முன்னைவிட மேலே போனது.

"சேர், சரியாயிருச்சு. பாருங்க. சத்தியமா சரியாயிருச்சு. வண்டியத் திருப்பச் சொல்லுங்க சேர். நாளைக்குக் காலையில மாலைய மட்டும் போட்டுட்டு, உடனே ஒரு வேன் புடிச்சு நானே வந்துர்றேன். எங்கப்பா இல்ல சேர். நானும் இல்லன்னா வாசல்ல யாரு நிப்பா?"

சுனில் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். சாந்தினி என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்தாள். எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறாள். அவளுடைய நிக்காஹ் நாளில் வாப்பாவுக்கு அருகே நான் நின்றிருக்கிறேன். அவன் கேட்பது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பாழாய்ப்போன நங்கூரம் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

"மகன்," என்றேன், "ஒட்சிசன் குடுத்ததும் வலி குறையுது என்றால் என்ன அர்த்தம்?"

அவன் கழற்றிய முகமூடியைப் பார்த்தான்.

"நீ படிச்ச பிள்ளை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லு."

"...உள்ள குமிழி இருக்குன்னு அர்த்தம் சேர்."

"மேல போனா?"

"திரும்ப வரும். பெருசா வரும்."

"வந்தா?"

அவன் முகமூடியைத் தானாகவே எடுத்து மாட்டிக்கொண்டு படுத்துவிட்டான். கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் ஓடியது. நான் வெறும் உத்தரவு போட்டே அவனைக் கொண்டுபோயிருந்தால் அவன் வாழ்நாள் முழுக்க என்னை மன்னித்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். பதிலை அவன் வாயால் சொன்னான், அதனால் அந்த முடிவு அவனுடையதாகவும் ஆனது. இதைக் கவனித்து வையுங்கள்.

கவிதாவுக்குச் சொல்ல வேண்டுமே. யோகாவால் முடியவில்லை. நான் தொலைபேசியில் கோல் எடுத்தேன். பின்னால் மேளச் சத்தமும் சிறு பிள்ளைகளின் கூச்சலும் கேட்டது. நான் யார் என்று சொன்னதும் அவள் குரல் மாறிவிட்டது.

"சேர், எங்கண்ணனுக்கு என்னாச்சு?"

அவள் "அண்ணன் நல்லா இருக்காரா?" என்று கேட்டிருந்தால் நான் பூசி மெழுகியிருப்பேனோ என்னவோ. என்னாச்சு என்று கேட்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"கை வந்துருமா சேர்?"

"தெரியாது மகள். இப்ப இறங்கினா வர வாய்ப்பு இருக்கு. ஏறினா இல்லை."

அவள் சொன்னாள், "அப்ப அவர இங்க அனுப்பாதீங்க சேர். அவரு கெஞ்சுவாரு. எம் பேரச் சொல்லிக் கெஞ்சுவாரு. அனுப்பாதீங்க. மாமா பையன் யாராச்சும் வாசல்ல நிக்கட்டும்." அதற்கு மேல் பேச முடியாமல் வைத்துவிட்டாள். கல்யாணத்துக்கு முதல்நாள் ஒரு பெண்ணை அழவைத்துவிட்டேனே என்று எனக்குத் தாங்க முடியவில்லை.

இரும்பு அறைக்குள் அவனைப் பல தடவை போட்டு எடுத்தார்கள். கல்யாணம் நடந்த நேரமும் அவன் அதற்குள்தான் இருந்தான். சிறு வட்டக் கண்ணாடி வழியாக அவன் முகம் தெரியும். பேசுவதற்கு ஒரு கம்பி. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து, "புசல்லாவையில இப்ப என்ன நடக்கும்?" என்று கேட்டேன். "தாலி ஏறியிருக்கும் சேர்" என்றான். "சாப்பாடு என்ன?" "சோறு, பருப்பு, கத்தரிக்காப் பிரட்டல், வடை, பாயாசம்." பெயர் பெயராகச் சொன்னான். கறியைக் கேட்டதற்குக் கறி வந்தது. ஆள் அங்கே இருக்கிறான் என்று எனக்கு நிம்மதி.

தோள் மெல்ல மெல்லத் திரும்பியது. விரல்கள்தான் பிடிவாதம் பிடித்தன. கண்ணை மூடச் சொல்லிக் காசைக் கொடுத்தால் பொத்தான் என்பான். வெளிநாட்டு வேலை கைவிட்டுப் போனது. டாக்டர்கள் சொல்லும்வரை மலை ஏறவும் கூடாது என்றார்கள். கல்யாண வீடியோவை சாந்தினி கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினாள். வாசலில் வேறொருவன் மாலை போடும் இடம் வந்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

யோகாவை உங்களுக்குத் தெரியும். வாயுக் கலவை படிப்பிக்கும்போது, "இப்ப உன் வலது காலு எங்க இருக்கு?" என்று சம்பந்தமில்லாமல் கேட்டு உங்களை எரிச்சல்படுத்துகிறாரே, அவர்தான். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க சேர். மாலை விசயத்தையும் எழுதுங்க" என்றார். எழுதுகிறேன்.

வீடியோ வந்து சில நாள் கழித்து, ஒரு காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. கூறைச் சேலையோடு கவிதா இறங்கினாள். பின்னால், தலையைக் குனிந்து, மடங்கி, ஒரு கரண்ட் போஸ்ட் இறங்கியது. தெல்தோட்டை பேக்கரிக்காரர். கையில் பூமாலை. கடைக்காரர் தண்ணீர் தெளித்துப் பையில் கட்டிக் கொடுத்திருந்ததால் பையும் மாலையும் ஈரம்.

"நீங்க மேல வரக்கூடாதாமே அண்ணே," என்றாள் கவிதா. "அதான் நாங்க கீழ வந்தோம். வாசல்ல நில்லுங்க."

வார்டு வாசலில் யோகா நின்றான். இடுப்பில் சாரம், பழைய சேர்ட், கையில் ஊசி குத்திய பிளாஸ்டர். நர்ஸ்மார் வந்து கூடிவிட்டார்கள். மாப்பிள்ளை இவன் உயரத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் குனியப் பார்த்தார்.

"குனியாதீங்க மச்சான்" என்றான் யோகா.

மாலையை இரண்டு கையிலும் எடுத்தான். எடுத்தவன் உயர்த்தவில்லை. அப்படியே நின்று தன் வலது கையைப் பார்த்தான். கவிதா பயந்து என்னைப் பார்த்தாள். நான் வழக்கத்தை விடாமல் கேட்டேன்.

"என்ன மகன், கையில என்ன இருக்கு?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"சில்லுன்னு இருக்கு சேர்," என்றான். "ரெண்டு கையிலயும்."